பொடியாட்ரி பள்ளிகள்: சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை?

அமெரிக்காவில் டிபிஎம் (பாத மருத்துவ டாக்டர்) பட்டம் தரும் பொடியாட்ரி பள்ளிகள் மொத்தம் 11. பாதம், கணுக்கால் இரண்டின் மருத்துவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் மட்டுமே என்று இருக்கும் படிப்பு. கல்லூரிப் படிப்புக்கு மேல் 4 ஆண்டு பள்ளி, அதற்கு மேல் 3 ஆண்டு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனைப் பயிற்சி. பல தனியார் பள்ளிகளில் ட்யூஷன் மட்டும் ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். வாடகை, சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 70,000 டாலரைத் தொடுவது சாதாரணம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் ஒரு சேவையை மதிப்பிடும்போது ஃபீஸ், வளாகம், ரெசிடென்சி எண்ணிக்கை என்று மூன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த மதிப்பீடு அதைப் பற்றியது.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொடியாட்ரி என்பது பெரும்பாலும் இளநிலைப் பட்டம். பாடத்திட்டம், கட்டணம், வேலை எல்லாமே வேறு. அதை இங்கே கலக்கவில்லை.

பள்ளிகளின் அமைப்பிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பாதியில் போகிறவர்களின் எண்ணிக்கைக்கும் அமைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நியூயார்க் (1911), சிகாகோவின் ஷோல் (1912), கலிஃபோர்னியா (1914), ஒஹையோ (1916) நான்கும் நூற்றாண்டு கண்ட பள்ளிகள். முன்பு தனித்தனி நிறுவனங்களாக இருந்தவை ஒவ்வொன்றாகப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் போய்விட்டன. பிலடெல்பியா பள்ளி 1998-ல் டெம்பிளோடு சேர்ந்தது, ஒஹையோ பள்ளி 2012-ல் கென்ட் ஸ்டேட்டோடு. ஷோல் இன்று ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு. கலிஃபோர்னியா பள்ளி சாமுவேல் மெரிட்டின் கீழ் இருக்கிறது. டெ மொய்ன், மயாமியின் பேரி, அரிசோனாவின் மிட்வெஸ்டர்ன், போமோனாவின் வெஸ்டர்ன்யூ ஆகியவை பின்னால் வந்தவை. கடைசியாக வந்த இரண்டு, டெக்சஸ் ஹார்லிஞ்சனில் யூடிஆர்ஜிவி (2022), பென்சில்வேனியா ஈரியில் லீகாம் (2023).

ஆஸ்டியோபதி (எம்டிக்கு இணையான டிஓ பட்டம்) அல்லது எம்டி (நம் எம்பிபிஎஸ் போன்ற அடிப்படை மருத்துவப் பட்டம்) மாணவர்களோடு ஒரே வளாகத்தில் இருக்கும் பள்ளிகளில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களில் பெரும்பகுதியை அவர்களோடு சேர்ந்தே படிக்க வேண்டியிருக்கும். டெ மொய்ன், வெஸ்டர்ன்யூ போன்றவை இந்த வகை. பாடத்தின் தரத்துக்கு இது நல்லது. ஆனால் உள்ளே வரும் மாணவர்களின் முன்தயாரிப்பு ஒரே அளவில் இருப்பதில்லை. எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வரம்பு 472 முதல் 528 வரை, நடுப்புள்ளி 500. எம்டி பள்ளிகளில் சேர்கிறவர்களின் சராசரி 511-ஐ ஒட்டி இருக்கிறது. பொடியாட்ரிக்கு வருகிறவர்களின் சராசரி 490-களின் நடுவில். இரண்டு தரப்புக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்க, பல பாடங்களில் வினாத்தாள் ஒன்றுதான். அந்தத் தாளில் யார் முதலில் தடுமாறுவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

தனித்து இயங்கும் பாடத்திட்டம் உள்ள பள்ளியில் வினாத்தாள் பொடியாட்ரி மாணவர்களுக்காகவே எழுதப்படும். அது சுலபமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பின் பலவீனம் தெரிந்து பாடத்தை நகர்த்துவார்கள். கீழ்க்கால் அனாடமிக்கு நேரமும் அதிகம் கிடைக்கும். 500-க்குக் கீழே எம்கேட் வைத்திருப்பவர் இந்த வேறுபாட்டை வளாகத்தின் அழகைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எம்டி பள்ளிகளின் கணக்கை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வோம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி வெளியிடும் புள்ளிவிவரப்படி, எம்டி மாணவர்களில் நான்கே ஆண்டில் முடிப்பவர்கள் 80 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆறு ஆண்டுக்குள் முடிப்பவர்கள் கிட்டத்தட்ட 96 சதவீதம். மொத்தமாக விட்டுப் போகிறவர்கள் சுமார் 3 சதவீதம். இதன் காரணம் எம்டி பாடம் எளிது என்பதல்ல. வடிகட்டல் முழுவதும் வாசலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பொடியாட்ரியில் வாசல் அகலம். ஏஏசிபிமாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் ஆகஸ்டில் திறந்து அடுத்த ஜூன் இறுதி வரை விண்ணப்பம் வாங்குகிறது. இடம் காலியாக இருக்கும் வரை சேர்க்கை நடக்கும். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஐந்நூறு அறுநூறு பேர் சேர்கிறார்கள், விண்ணப்பதாரர் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு அதிகமில்லை. எனவே வாசலில் நடக்காத வடிகட்டல் உள்ளே, மாணவர் செலவில், முதலாண்டில் நடக்கிறது. என் பார்வையில் இந்தப் பள்ளிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மைச் செய்தி இதுதான். சேர்க்கைக் கடிதம் வந்ததை வைத்து "நம்மால் முடியும் என்று பள்ளியே சொல்லிவிட்டது" என எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலாண்டில் எங்கே அடி விழுகிறது? பெரும்பாலும் கிராஸ் அனாடமி (உடலை அறுத்துப் படிக்கும் உடற்கூறியல்), பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி. ஒரு செமஸ்டரில் இருபது கிரெடிட்டுக்கு மேல் ஓடும் பள்ளிகள் உண்டு. வாரத்துக்கு ஒரு தேர்வாவது இருக்கும். தோல்வி ஒரு குறிப்பிட்ட மாதிரியில் வருகிறது. முதல் அனாடமித் தேர்வில் 60-களில் மதிப்பெண் விழும். பயந்துபோய் அடுத்த பத்து நாள் அனாடமியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அது 75-க்கு ஏறும், அதற்குள் பயோகெமிஸ்ட்ரியில் இரண்டு தேர்வு கைநழுவியிருக்கும். ஒரு பாடத்தைக் காப்பாற்ற இன்னொன்றைப் பலி கொடுக்கும் இந்தச் சுழற்சியில் அக்டோபர் நடுவில் சிக்கியவர் டிசம்பரில் வெளியே வருவது கடினம். அனாடமி செய்முறைத் தேர்வு தனி ரகம். ஆய்வகத்தில் அறுத்த இறந்தவர் உடலில் ஊசி குத்தி வைத்திருப்பார்கள், ஊசி நிற்கும் பகுதியை அடையாளம் சொல்ல வேண்டும், ஒரு நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். புத்தகப் படத்தை மனப்பாடம் செய்தவருக்கு அங்கே எதுவும் அடையாளம் தெரியாது. பாதத்தில் மட்டும் 26 எலும்பு, உள்ளங்கால் தசைகள் நான்கு அடுக்கு. அடுக்கு அடுக்காக அறுத்துப் பார்த்த கைதான் அதை நினைவில் வைக்கும். ஆய்வகம் தேர்வுக்கு முந்தைய இரவுகளிலும் திறந்திருக்கிறதா என்று கேட்பது அற்பமான கேள்வி அல்ல.

இங்கே தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. நம் பொறியியல் கல்லூரிகளில் அரியர் வைத்துக்கொண்டே இறுதியாண்டு வரை போகலாம், எட்டாவது செமஸ்டரில் மொத்தமாக எழுதித் தீர்க்கலாம். அந்த மனக்கணக்கோடு அங்கே போனால் ஆபத்து. பொடியாட்ரி பள்ளிகளில் முதலாண்டு அறிவியல் பாடம் ஒவ்வொன்றும் அடுத்ததற்கு முன்நிபந்தனை. ஒரு பாடத்தில் தோற்றால் கோடையில் ரிமீடியேஷன், அதாவது ஒரு மறுதேர்வு. ஒரே ஆண்டில் இரண்டு பாடத்தில் தோற்றால் ஆண்டைத் திரும்பப் படிக்கச் சொல்லலாம், மூன்று என்றால் நீக்கலாம். எத்தனை பாடம் என்ற எல்லை பள்ளிக்குப் பள்ளி மாறும். முடிவை எடுப்பது தனி ஆசிரியர் அல்ல, மாணவர் முன்னேற்றக் குழு. மேல்முறையீட்டுக்குச் சில வேலை நாட்கள்தான் கிடைக்கும். இந்த எண்கள் எல்லாம் மாணவர் கையேட்டில் இருக்கும். விளம்பரக் கையேட்டில் இருக்காது. கையேட்டைப் பொதுவெளியில் வைக்காத பள்ளியிடம் சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் அதைக் கேட்டு வாங்க வேண்டும், முன்பணம் கட்டும் முன்பு.

ரிமீடியேஷனில் இன்னொரு நுணுக்கம். சில இடங்களில் மறுதேர்வில் எவ்வளவு எடுத்தாலும் பதிவாவது தேர்ச்சிக்கான குறைந்தபட்ச கிரேடு மட்டும்தான். அது ஜிபிஏவை, அதாவது மொத்தச் சராசரி கிரேடைக் கீழே இழுக்கும். பொடியாட்ரி பள்ளிகள் நுழைவு உதவித்தொகையைத் தாராளமாகத்தான் கொடுக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஜிபிஏவுக்குக் கீழே போனால் நின்றுவிடும். ஆகவே ஒரு பாடத்தில் தவறியவர் பாடத்தை மீட்டாலும் உதவித்தொகையை இழக்கலாம், இரண்டாம் ஆண்டிலிருந்து முழு ஃபீஸ். "ஆண்டுக்கு 15,000 டாலர் உதவித்தொகை" என்று வரும் கடிதத்தில் எந்த நிபந்தனையின் கீழ் என்ற வரியை முதலில் தேட வேண்டும். முதலாண்டுக்கு மட்டும் என்றிருந்தால் நான்காண்டுக் கணக்கில் அதன் மதிப்பு கால்பங்குதான்.

எல்லோரும் தேர்வில் தோற்றுத்தான் போகிறார்கள் என்பதும் சரியல்ல. எம்டி அல்லது ஆஸ்டியோபதியில் இடம் கிடைக்காமல், காத்திருக்கும் அறையாக இதை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அங்கே இடம் கிடைத்தால் போய்விடுவார்கள். உடல்நலம், குடும்பம், பணம் என்று போகிறவர்கள் உண்டு. வாழ்நாள் முழுக்கக் கால்விரல் நகமும் சர்க்கரைப் புண்ணும்தான் என்பது மூன்றாம் ஆண்டில்தான் உறைக்கிறவர்களும் உண்டு. கடைசி வகையினர் தவிர்த்திருக்கக் கூடியவர்கள். சேரும் முன்பு ஒரு பொடியாட்ரிஸ்டின் கிளினிக்கில் சில நாட்கள் உட்கார்ந்து பார்த்தால் போதும். பள்ளிகளும் அந்த அனுபவத்தை விரும்பிக் கேட்கின்றன.

இரண்டாவது பெரிய கதவு ஏபிஎம்எல்இ பார்ட் ஒன், பொடியாட்ரி உரிமத் தேர்வின் முதல் பகுதி. என்பிபிஎம்இ என்ற தேசிய வாரியம் நடத்தும் தேர்வு. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் எழுதுவார்கள். பொது அனாடமி, கீழ்க்கால் அனாடமி, பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி-இம்யூனாலஜி, பேத்தாலஜி, ஃபார்மகாலஜி என்பவை இதன் பாடங்கள். இதைத் தாண்டாமல் மருத்துவமனைச் சுழற்சியில் முழுதாக இறங்க முடியாது. முதல் முறை தவறினால் இலையுதிர் காலத்தில் மறுபடி எழுதலாம். அதிலும் தவறினால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். எத்தனை முறைக்கு மேல் தவறினால் நீக்கம் என்பதையும் பள்ளிக் கையேடுதான் சொல்லும்.

பார்ட் ஒன் தேர்ச்சி சதவீதத்தை எல்லாப் பள்ளிகளும் பெருமையாகப் போடுகின்றன. அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வு எழுதத் தகுதியானவர் என்று பள்ளியின் டீன் சான்று தர வேண்டும். சில பள்ளிகள் உள்ளே ஒரு மாதிரித் தேர்வு வைத்து, அதில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தவர்களை மட்டுமே அனுப்புகின்றன. மாணவர் நலனுக்குத்தான் என்று சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் தடுத்து நிறுத்தப்பட்டவர் தேர்ச்சி சதவீதத்தின் பகுதியில் வரமாட்டார். அவர் கணக்கிலிருந்தே காணாமல் போவார்.

கற்பனையாக ஒரு வகுப்பை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த எண்கள் எப்படி வேஷம் கட்டுகின்றன என்பது புரியும். 60 பேர் சேர்கிறார்கள். முதலாண்டில் 7 பேர் போகிறார்கள். 5 பேர் ஐந்தாண்டுத் தடத்துக்கு, அதாவது ஓராண்டுப் பாடத்தை இரண்டாண்டாகப் பிரித்துப் படிக்கும் வழிக்கு, மாற்றப்படுகிறார்கள். மீதி 48. இரண்டாம் ஆண்டில் இன்னும் 2 பேர் போக, 46 பேர் பார்ட் ஒன் எழுதுகிறார்கள். 41 பேர் முதல் முறையே தேறுகிறார்கள். தவறிய 5 பேரில் 3 பேர் இலையுதிர் காலத்தில் தேறி வகுப்போடு சேர்ந்துகொள்கிறார்கள், 2 பேர் ஓராண்டு பின்தங்குகிறார்கள். நான்காண்டில் பட்டம் வாங்குவது 44 பேர். ஐந்தாண்டுத் தடத்துக்குப் போன 5 பேரில் 3 பேர் முடிக்கிறார்கள், 2 பேர் இடையில் போய்விடுகிறார்கள். பின்தங்கிய 2 பேரும் அடுத்த ஆண்டு முடிக்கிறார்கள்.

இதே வகுப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடிய எண்கள்: நான்காண்டுத் தேர்ச்சி 60-க்கு 44, அதாவது 73 சதவீதம். ஆறாண்டுக்குள் முடித்தவர் 49, அதாவது 82 சதவீதம். விட்டுப்போனவர் 11, அதாவது 18 சதவீதம். விளம்பரத்தில் வரக்கூடிய எண்கள்: பார்ட் ஒன் முதல்முறைத் தேர்ச்சி 46-க்கு 41, 89 சதவீதம். பார்ட் ஒன் எழுதியவர்களில் குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர் 46-க்கு 44, 96 சதவீதம். ரெசிடென்சி 44-க்கு 44, முழு 100. எதுவும் பொய்யில்லை. வகுத்த எண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. பட்டமளிப்புப் படத்தில் தலையை எண்ணிப் பார்க்கும் புத்திசாலித்தனமும் உதவாது, மேல் வகுப்பிலிருந்து பின்தங்கி வந்தவர்கள் அந்தப் படத்தில் கலந்திருப்பார்கள்.

அங்கீகாரம் தரும் அமைப்பு சிபிஎம்இ. அதன் விதிகள் காரணமாகப் பள்ளிகள் தேர்ச்சி, பார்ட் ஒன், ரெசிடென்சி எண்களைத் தங்கள் தளத்தில் போடுகின்றன. தளத்தின் தேடலில் "அவுட்கம்ஸ்" என்று தட்டினால் பெரும்பாலும் கிடைக்கும். இந்தத் துறையில் வாடிக்கையாளருக்குக் கிடைத்த நல்ல வசதி இது. நான்காண்டுத் தேர்ச்சி எண்ணை எடுத்துக்கொண்டு, அருகில் இருக்கும் விளக்கக் குறிப்பை வாசிக்க வேண்டும். வகுத்த எண் முதல் நாள் சேர்ந்தவர்களா, இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்களா? ஒரே ஒரு ஆண்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வகுப்பு சிறியது. 40 பேர் வகுப்பில் ஒருவர் போனாலே 2.5 சதவீதம் ஆடும். மூன்று நான்கு ஆண்டுகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால்தான் பள்ளியின் குணம் தெரியும். கொரோனா கால வகுப்புகளைத் தனியாக வைத்துப் பார்ப்பது நல்லது.

புதிய இரண்டு பள்ளிகளுக்கு இந்த அளவுகோல் இன்னும் பொருந்தாது. 2022-ல் சேர்ந்த வகுப்பு பட்டம் பெறுவது 2026-ல், 2023-ல் சேர்ந்தது 2027-ல். அதற்கு முன்பு கிடைப்பது முதலாண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்குப் போனவர் எண்ணிக்கையும் பார்ட் ஒன் முடிவும் மட்டுமே. அதையாவது கேட்டு வாங்க வேண்டும். யூடிஆர்ஜிவி பொதுப் பல்கலைக்கழகம், சர்க்கரை நோய் மிகுந்த ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கற்க வேண்டிய நோயாளிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. தனியாரைவிடச் செலவு குறைவு என்பதால், பாதியில் போக நேர்ந்தாலும் இழப்பும் குறைவு.

இழப்பு என்றால் எவ்வளவு? முதலாண்டு முடிவில் 70,000 டாலர் கடனோடு நீக்கப்பட்டவரை எடுத்துக்கொள்வோம். 8 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 5,600 டாலர். பத்தாண்டில் கட்டி முடிக்க மாதம் சுமார் 850 டாலர். டாக்டர் வருமானம் இருந்தால் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். வெறும் உயிரியல் பட்டத்தோடு வேலை தேடுகிறவருக்கு இது வாடகைக்குச் சமம். படிப்பை விட்டு ஆறு மாதத்தில் தவணை தொடங்கிவிடும்.

எந்தத் தேதியில் விலகுகிறோம் என்பதற்கும் விலை உண்டு. அமெரிக்க மத்திய அரசுக் கல்விக் கடனில் இருக்கும் விதிப்படி, செமஸ்டரின் 60 சதவீத நாட்கள் கடக்கும் முன் விலகினால், கடந்த நாட்களுக்குரிய விகிதம் மட்டுமே மாணவர் "சம்பாதித்தது". மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டினால் முழுக்கடனும் மாணவர் தலையில் நிற்கும். பள்ளியின் ஃபீஸ் திருப்பும் விதி இதிலிருந்து வேறு. பல இடங்களில் முதல் சில வாரங்களுக்குப் பிறகு ஒரு டாலர்கூடத் திரும்பாது. இரண்டும் ஒத்துப்போகாத இடைவெளியில் விலகினால் பள்ளி அரசுக்குத் திருப்பிய தொகையை மாணவரிடம் கேட்டு பில் அனுப்பும். பதினைந்து வாரச் செமஸ்டரில் ஒன்பதாவது வாரம்தான் அந்த 60 சதவீத எல்லை. முடிவு எடுக்க வேண்டியிருந்தால் இந்த இரண்டு தேதியையும் காலண்டரில் குறித்துவிட்டு நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் கணக்குக் கேட்க வேண்டும். கிரேடு பட்டியலில் விலகல் எல்லைத் தேதி இன்னொன்று. அதற்கு முன்பு போனால் "டபிள்யூ" (விலகல்), பின்பு போனால் "எஃப்" (தோல்வி). வேறு பள்ளியில் மறுபடி விண்ணப்பித்தாலும் படித்த எல்லா இடங்களின் மதிப்பெண் பட்டியலையும் காட்டியாக வேண்டும். மறைக்க வழியில்லை.

2026 ஜூலை 1 முதல் கடன் விதிகள் மாறுகின்றன. 2025-ல் வந்த சட்டப்படி புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு, முழுப் படிப்புச் செலவுக்கும் கிடைத்துவந்த கிராட் ப்ளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. தொழிற்படிப்பு என்ற பட்டியலில் பொடியாட்ரி இருப்பதால் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரை கிடைக்கும். இதில் உள்ள பொறியைப் பலர் கவனிக்கவில்லை. நான்கு ஆண்டும் 50,000 வாங்கினால் மொத்த உச்சவரம்பு சரியாகத் தீர்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டுக்கு மத்திய அரசுக் கடன் பூஜ்ஜியம். ஐந்தாண்டுத் தடத்தில் பாரத்தைக் குறைத்துப் படித்தால் அந்த ஆண்டுக்கான கடனும் விகிதத்தில் குறையும். பின்தங்குவது முன்பு ஓராண்டுக் காலநஷ்டம். இனி அது தனியார் கடன் வாங்க ஜாமீன்தாரர் தேடும் பிரச்சினை. ஐந்தாம் ஆண்டுக்கு முழு ட்யூஷனா, படிக்கும் கிரெடிட்டுக்கு மட்டுமா என்ற கேள்வி இப்போது மிக முக்கியமாகிவிட்டது. இதில் பள்ளிகளுக்குள் வித்தியாசம் பெரிது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கம். மத்திய அரசுக் கடன் அவர்களுக்கு இல்லவே இல்லை. முழுநேர மாணவராக இருப்பது விசா நிபந்தனை. பாடச்சுமையைக் குறைக்கக் கல்விச் சிரமம் என்ற காரணம் காட்டலாம். ஆனால் ஒரு படிப்பு மட்டத்தில் ஒரே ஒரு முறைதான் அந்த அனுமதி, அடுத்த செமஸ்டரில் முழுச்சுமைக்குத் திரும்பியாக வேண்டும். ஓராண்டுப் பாடத்தை இரண்டாண்டாகப் பிரிக்கும் தடம் இந்த விதியோடு மோதும். பள்ளியின் சர்வதேச மாணவர் அலுவலர் முன்கூட்டியே சரி என்று சொன்னால் மட்டும் அதில் இறங்கலாம். அனுமதி வாங்கி விலகினால் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த 15 நாளும் இல்லை. ரெசிடென்சியிலும் ஒரு தடை: முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருத்துவமனைகள் பொடியாட்ரி பயிற்சியில் பெரும்பங்கு வகிக்கின்றன, அவை பெரும்பாலும் குடியுரிமை கேட்கும். திரும்பி வந்தாலும் டிபிஎம் பட்டத்தை எம்பிபிஎஸ்ஸுக்கு ஈடாக இந்தியாவில் பதிவு செய்ய முடியாது. சர்க்கரைப் பாதச் சிகிச்சை இங்கே அறுவை மருத்துவர்கள் கையில் இருக்கிறது. அங்கேயே குடியுரிமையோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. மற்றவர்கள் இதை இரண்டு முறை படிப்பது நல்லது.

குறை மட்டும் சொன்னால் மதிப்பீடு ஒருபக்கமாகிவிடும். முடித்தவர்களுக்கு இந்தச் சேவை நன்றாகவே வேலை செய்கிறது. 2011-ல் ரெசிடென்சி எல்லாம் மூன்றாண்டு என்று ஒரே அச்சாக மாறியபோது இடப்பற்றாக்குறை வந்து, 2013 வாக்கில் பட்டம் வாங்கியும் ரெசிடென்சி கிடைக்காமல் பலர் தவித்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது பட்டதாரிகளைவிட இடங்கள் அதிகம். பொடியாட்ரிஸ்டுகளின் இடைநிலை ஆண்டு வருமானம் அரசுக் கணக்கில் 1,40,000 டாலருக்கு மேல் நிற்கிறது. முதல் நாளிலிருந்தே அறுவை சிகிச்சை இலக்கு உறுதி. எம்டி படித்துவிட்டு ஆர்த்தோ இடத்துக்கு மன்றாட வேண்டிய நிலை இங்கே இல்லை. 495 எம்கேட்டோடு அறுவை மருத்துவராகும் வழி அமெரிக்காவில் அதிகமில்லை. அந்த வாய்ப்பைத் தருவதற்காகவே வாசலை அகலமாக வைத்திருக்கிறோம் என்று பள்ளிகள் சொல்வதை ஏற்கலாம். ஏற்க முடியாதது, அகல வாசலில் உள்ளே விட்டுவிட்டு முதல் தேர்வில் தவறியவரை டிசம்பர் வரை யாரும் கூப்பிட்டுக்கூடப் பேசாத பள்ளிகள்.

ஆகவே நேர்காணலில் கேட்க வேண்டியது வசதிகளைப் பற்றி அல்ல. முதல் தேர்வில் 70-க்குக் கீழே எடுத்தவரை எத்தனை நாளில் யார் அழைக்கிறார்கள்? டியூட்டர் மேல்வகுப்பு மாணவரா, சம்பளம் வாங்கும் கற்றல் நிபுணரா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? வகுப்பு தொடங்கும் முன் கோடையில் அனாடமி, பயோகெமிஸ்ட்ரி முன்பயிற்சி உண்டா, அது இலவசமா? தேர்வுகள் ஒரே வாரத்தில் கொத்தாக வருகின்றனவா, பரவலாகவா? கொத்து முறையில் ஒரு காய்ச்சல் போதும், மூன்று பாடமும் போகும். கடந்த மூன்று வகுப்பிலும் ஐந்தாண்டுத் தடத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர், அதில் முடித்தவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு உடனே எண் சொல்லும் பள்ளிக்கு நம்பிக்கை மதிப்பெண் தரலாம். "அது ஒவ்வொரு மாணவரைப் பொறுத்தது" என்று நழுவினால் அதுவும் ஒரு பதில்தான். நேர்காணல் நாளில் சுற்றிக் காட்ட வரும் மாணவர்கள் பள்ளி தேர்ந்தெடுத்தவர்கள். உணவகத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் "உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை?" என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

ஜூலையில் கடைசி நேர இடம் கிடைத்து ஆகஸ்டில் வகுப்புக்குப் போவதைத் தவிர்க்கலாம். வீடு பார்க்கவும் கடன் வாங்கவும் ஓடும் வாரங்களில்தான் அனாடமியின் முதல் இருபது விரிவுரைகள் போகும். அதே பள்ளியிடம் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கக் கேட்கலாம், சில பள்ளிகள் ஒப்புக்கொள்ளும். கிடைக்கும் பத்து மாதத்தில் உள்ளூர் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரியும் ஃபிசியாலஜியும் இளநிலைப் பட்டத்தின் மேல்வகுப்பு அளவில் ஒரே செமஸ்டரில் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம். இரண்டிலும் பி கிரேடுக்குக் கீழே போனால், 70,000 டாலர் கட்டிக் கண்டுபிடிக்க வேண்டியது சில ஆயிரம் டாலரிலேயே தெரிந்துவிடும்.